ஆண்மை நீக்க ஊசி: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் மனநலப் பிரிவுக்கு வருகிறவர்கள், பாலியல் வழக்கில் சிக்கியவர்களின் வீட்டார், கிராம சுகாதாரச் செவிலியர்கள், ஆசிரியர்கள் என எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவரவர் கேட்ட வாக்கிலேயே அவற்றை எழுதிப் பதில் சொல்லியிருக்கிறோம். மருந்தின் அளவுகளைக் கொடுத்திருப்பது விஷயம் புரிவதற்காக மட்டும். டாக்டர் இல்லாமல் யாரும் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

பேப்பர்ல "ரசாயன முறையில் ஆண்மை நீக்கம்"னு போடறாங்களே, அப்படின்னா என்னங்க?

வெட்டி எடுப்பது எதுவும் இதில் இல்லை. காம இச்சையைத் தூண்டும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை மருந்தால் மிகக் கீழே இறக்குவதுதான் இந்தச் சிகிச்சை. வளர்ந்த ஆணின் ரத்தத்தில் இது டெசிலிட்டருக்குச் சுமார் 300 முதல் 1000 நானோகிராம் வரை இருக்கும். முழு அளவில் மருந்து கொடுத்தால் 50-க்குக் கீழே போய்விடும்.

மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை அனுப்பினால்தான் விதைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும். லியூப்ரோலைடு, டிரிப்டோரெலின், கோசெரெலின் ஊசிகள் அந்த எல்.எச்.சையே நிறுத்திவிடுகின்றன. சைப்ரோடெரோனும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோனும் இவற்றுக்கு முந்தைய மருந்துகள். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1966-ல் ஜான் மணி இதற்காகக் கொடுத்தது மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோனை. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் "அந்தரா" கருத்தடை ஊசியும் அதே மருந்துதான். லியூப்ரோலைடும் புதிதல்ல. புராஸ்டேட் புற்றுநோய்க்கும், பெண்களின் எண்டோமெட்ரியோசிஸுக்கும், வயதுக்கு முன்பே பூப்படையும் குழந்தைகளுக்கும் அதைக் கொடுக்கிறார்கள்.

ஒருதரம் போட்டா ஆயுசுக்கும் அப்படியேதான் இருக்குமா?

இல்லை. மருந்தை நிறுத்தினால் சில மாதங்களில் ஹார்மோன் திரும்பச் சுரக்கத் தொடங்கும். வயதானவர்களுக்கும், பல ஆண்டுகள் போட்டுக்கொண்டவர்களுக்கும் கூடுதல் காலம் ஆகலாம். மருந்து இருக்கும்வரைதான் அதன் பலனும் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பல பதில்கள் இதன்மேல்தான் நிற்கின்றன.

கோர்ட்டுல தண்டனையா இந்த ஊசியைப் போடச் சொல்லுவாங்களா?

இந்தியாவில் சொல்ல முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 4-வது பிரிவு தண்டனைகளை வரிசைப்படுத்துகிறது: மரண தண்டனை, ஆயுள், சிறை, சொத்துப் பறிமுதல், அபராதம், சமூக சேவை. மருந்து அந்த வரிசையில் இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்திலும் இல்லை.

கோரிக்கை எழாமல் இல்லை. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டுப் பாலியல் கொடுமைக்குப் பிறகு, 2013 ஜனவரியில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்த 13 அம்சத் திட்டத்தில் இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும் என்பதும் ஒன்று. 2015 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன், குழந்தைகளைச் சீரழிப்பவர்களுக்கு ஆண்மை நீக்கத்தை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றார். ஆனால் டெல்லி கொடுமைக்குப் பின் மத்திய அரசு அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு 2013 ஜனவரி 23-ல் கொடுத்த அறிக்கையில் இதை ஏற்கவில்லை. பாலியல் வன்முறையின் சமூக வேரை மருந்து தொடாது. சம்மதம் இல்லாமல் ஒரு குடிமகனை ஆபத்தான பக்கவிளைவுகளுக்கு ஆளாக்குவது அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது. குழு சொன்ன காரணங்கள் இவை.

வெளிநாட்டுல போடறாங்களே சார், அங்க மட்டும் எப்படி?

நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. கலிபோர்னியா 1996-ல் சட்டம் போட்டது. 13 வயதுக்குட்பட்ட குழந்தையிடம் இரண்டாவது முறை குற்றம் செய்து தண்டனை பெற்றவருக்குப் பரோலில் வரும்போது மருந்து கட்டாயம். தென் கொரியாவில் 2011 முதல் நீதிமன்றம் 15 ஆண்டுகள் வரை உத்தரவிடலாம். இந்தோனேசியா 2016-ல் சட்டம் கொண்டுவந்தபோது அந்த நாட்டு மருத்துவர் சங்கம் ஊசி போட மாட்டோம் என்றது. தண்டனையை நிறைவேற்றுவது வைத்தியரின் வேலை அல்ல என்ற அந்த நிலைப்பாட்டை நாங்களும் முழுமனதோடு ஏற்கிறோம். ஐரோப்பாவின் பல நாடுகளில் இது சம்மதத்தின் பேரில் கொடுக்கும் சிகிச்சை. கடுமையான பாலியல் பிறழ்வுக்கென்றே அனுமதி பெற்ற டிரிப்டோரெலின் ஊசியும் அங்கே சில நாடுகளில் இருக்கிறது.

ஊசி போட்டா தப்புப் பண்றது நின்னுடுமா, அதைச் சொல்லுங்க.

யாருக்கு என்பதைப் பொறுத்தது. குழந்தைகள்மீது ஈர்ப்பு, அடக்க முடியாத எண்ணங்கள், நாள் முழுக்க அதே நினைப்பு என்று பீடோஃபிலியா போன்ற நோயாகவே இருப்பவருக்குப் பலன் நன்றாகத் தெரியும். இஸ்ரேலில் ரோஸ்லர், விட்ஸ்டம் இருவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில் 30 ஆண்களுக்கு மாதம் 3.75 மி.கி. டிரிப்டோரெலினும் மன ஆலோசனையும் கொடுத்தார்கள். வாரத்துக்குச் சராசரியாக 48 முறை வந்த பிறழ்வு எண்ணங்கள் அடியோடு நின்றன. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத குழு இல்லை. மறுபடி குற்றம் செய்வது குறைகிறதா என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் கோக்ரேன் அமைப்பு 2015-ல் அலசியபோது தேறியவை 7 சிறிய ஆய்வுகள்தான். எல்லாமே 20 ஆண்டுகளுக்கு முந்தையவை. "ஊசி போட்டாச்சு, இனி பயமில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குடிபோதையில் செய்பவர், ஆத்திரத்திலும் அதிகாரத் திமிரிலும் செய்பவர், "இவள் யாரிடம் போய்ச் சொல்வாள்" என்று பார்த்துச் செய்பவர் ஆகியோருக்கு இது மருந்தே அல்ல. விறைப்பு இல்லாமலும் ஒரு குழந்தையைக் கெடுக்க முடியும். விரலால், பொருளால், வாயால் செய்வதையும், தவறான எண்ணத்தோடு தொடுவதையும் போக்சோ சட்டம் குற்றம் என்றே சொல்கிறது.

எடுத்ததுமே ஊசிதானா? மாத்திரை கிடையாதா?

மனநல மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பு வகுத்த வழிகாட்டுதல் படிப்படியாகப் போகச் சொல்கிறது. முதலில் மன ஆலோசனை மட்டும். போதவில்லை என்றால் செர்ட்ராலின், ஃப்ளூஆக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் சேரும். அவை இச்சையையும் ஓயாத எண்ண ஓட்டத்தையும் ஓரளவு தணிக்கும். அடுத்து சைப்ரோடெரோன், முதலில் நாளுக்கு 50 முதல் 100 மி.கி., பிறகு 200 முதல் 300 வரை. பிறரைத் தாக்கும் அபாயம் அதிகம் உள்ளவருக்குத்தான் மாதாந்திர ஊசி. எந்தப் படியிலும் ஆலோசனையை விட்டுவிடுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. முகப்பரு, சினைப்பை நீர்க்கட்டிக்காகப் பெண்களுக்கு எழுதும் மாத்திரையிலும் சைப்ரோடெரோன் இருக்கிறது, வெறும் 2 மி.கி. கூடவே பெண் ஹார்மோனும் கலந்திருக்கும். பெயரைப் பார்த்து அதை வாங்கிப் பட்டைபட்டையாக விழுங்கினால் காலில் ரத்தம் உறையும். காரியமும் ஆகாது.

முதல் ஊசி போட்டு ஒரு வாரமாச்சு, நினைப்பு இன்னும் அதிகமாகுதுங்கறாரு. மருந்து வேலை செய்யலையா?

மருந்து வேலை செய்கிறது என்பதற்கே அது அடையாளம். லியூப்ரோலைடு வகை ஊசி பிட்யூட்டரியை முதலில் உசுப்பிவிட்டுத்தான் பிறகு களைப்படையச் செய்யும். அதனால் முதல் இரண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோன் ஏறி, மூன்றாவது நான்காவது வாரத்தில்தான் விழும். இதைத் தடுக்கத்தான் ஊசிக்கு ஒரு வாரம் முன்பே சைப்ரோடெரோன் போன்ற தடுப்பு மருந்தைத் தொடங்கி, ஊசி போட்ட பிறகும் சில வாரம் தொடர்வார்கள். தடுப்பு மருந்து விட்டுப்போயிருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த மாதம் முழுக்க அவர் குழந்தைகள் இருக்கும் வீட்டில் தங்கக் கூடாது.

டெகாரெலிக்ஸ் என்ற ஊசிக்கு இந்த ஏற்றம் கிடையாது. ஸ்வீடனில் தாமாக உதவி கேட்டு வந்த 52 ஆண்களிடம் நடந்த ஆய்வில் (2020-ல் வெளியானது) 240 மி.கி. ஒரே முறை போட்டு, இரண்டே வாரத்தில் அபாயம் குறைந்ததைக் கண்டார்கள்.

மருந்தை எப்படிக் கொண்டு வர்றது? மழையில ரோடு அடைச்சிட்டா என்ன பண்றது?

மலையில் பாதிச் சிக்கல் இதில்தான். முதலில் அட்டைப்பெட்டியில் சேமிப்பு வெப்பத்தைப் படியுங்கள். சில தயாரிப்புகளை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், சிலவற்றுக்கு 25 டிகிரிக்குக் கீழே இருந்தால் போதும். ஊட்டி வீட்டு அலமாரியில் 25 தாண்டுவது அபூர்வம். ஆனால் கோவையில் வாங்கி, மேட்டுப்பாளையம் வழியாகச் சித்திரை வெயிலில் பஸ்ஸில் வரும்போது எளிதாகத் தாண்டும். ஐஸ் பொதி வைத்த பெட்டியில் வரட்டும், ஆனால் ஐஸ்மேல் நேராக வைத்து உறையவிடக் கூடாது. மார்கழி, தை உறைபனிக் காலத்தில் தகரக் கொட்டகையின் ஜன்னலோரம் வைப்பதும் தவறு.

டெப்போ ஊசி (மருந்தை உடம்பில் வாரக்கணக்கில் மெல்ல விடும் ஊசி) பெரும்பாலும் பொடியாக வரும், கூடவே திரவம். கலக்கினால் பால் மாதிரி வெண்மையாக வர வேண்டும், அடியில் கட்டி ஒட்டியிருக்கக் கூடாது. கலக்கிய உடனே போட வேண்டும். "டீ குடிச்சிட்டு வந்து போடறேன்" என்று வைத்தால் துகள் அடியில் படிந்து ஊசி அடைத்துக்கொள்ளும், பாதி மருந்து சிரிஞ்சிலேயே தங்கிவிடும். இடுப்புத் தசையில் ஆழமாக, ஒரு மாதம் வலப்பக்கம், மறுமாதம் இடப்பக்கம். பக்கத்தையும் தேதியையும் நோட்டில் எழுதுங்கள்.

மாத ஊசியின் கணக்கு 28 நாள். ஐப்பசி, கார்த்திகையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலை அடைபடும், நடுவட்டம் சாலை மூடினால் கூடலூர்க்காரர் ஊட்டி வர முடியாது. தள்ளிப்போன ஒவ்வொரு நாளும் ஹார்மோன் தலைதூக்கும் வாய்ப்பு கூடும். ஆகவே மழைக்கு முன்பே மூன்று மாத ஊசிக்கு (டிரிப்டோரெலின் 11.25 மி.கி., கோசெரெலின் 10.8 மி.கி.) மாற முடியுமா என்று கேளுங்கள். தேதி தவறிவிட்டால் மறைக்காதீர்கள். ஊசி போடுகிற அன்றே டெஸ்டோஸ்டிரோன் அளவையும் பார்த்துவிட வேண்டும்.

உடம்புக்கு என்னென்ன பண்ணும்?

பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் பல தொந்தரவுகள் ஆணுக்கு வரும். திடீரென்று முகமும் மார்பும் சூடேறி வியர்க்கும். வெளியே புல்மேல் பனி வெள்ளையாகக் கிடக்கும் விடியற்காலையில் ஒருவர் ஸ்வெட்டரைக் கழற்றி வீசிவிட்டு உட்கார்ந்திருந்தால் காய்ச்சல் என்று பயப்பட வேண்டாம், மருந்தின் வேலை அது. உடல் எடை கூடும், தசை குறையும், மார்பு பெருக்கும், உடம்பில் முடி உதிரும், சோர்வு இருக்கும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறலாம், ரத்தசோகை வரலாம். சைப்ரோடெரோன் ஈரலைப் பாதிக்கலாம். நீண்ட நாள் அதிக அளவில் கொடுத்தால் மூளை உறையில் மெனிஞ்சியோமா என்ற கட்டி வரும் அபாயம் இருப்பதால் ஐரோப்பிய மருந்து ஆணையம் 2020-ல் அதன் பயன்பாட்டைச் சுருக்கியது.

நாங்கள் அதிகம் கவலைப்படுவது எலும்பைப் பற்றி. டெஸ்டோஸ்டிரோன் இல்லாமல் எலும்பு மெல்ல மெல்லக் கரையும், வலி எதுவும் காட்டாது. தேயிலைச் சரிவில் மூட்டை சுமக்கிறவர் ஒருமுறை வழுக்கினால் இடுப்பு எலும்பு முறிந்துவிடும். மூடுபனியும் கம்பளி உடையுமாக வெயில் படாமல் இருப்பதால் வைட்டமின் டி குறைய இங்கே வாய்ப்பும் அதிகம். நாளுக்கு 1000 முதல் 1200 மி.கி. கால்சியம் (ராகி, கீரை, பால் உட்பட), 800 யூனிட் வைட்டமின் டி, தினமும் நடை. பீடியையும் குடியையும் விட்டே ஆக வேண்டும்.

மனச்சோர்வையும் லேசாக எடுக்காதீர்கள். மேலே சொன்ன ஸ்வீடன் ஆய்விலேயே மருந்து பெற்றவர்களில் இருவரைத் தற்கொலை எண்ணம் கூடியதால் ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தது. பேச்சு குறைந்து, சாப்பாடு இறங்காமல் இருந்தால் அடுத்த ஊசி வரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்கு எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

என்னென்ன டெஸ்ட் எடுக்கணும்?

தொடங்கும் முன்பு: டெஸ்டோஸ்டிரோன், எல்.எச்., புரோலாக்டின், ரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகம், சர்க்கரை, கொழுப்பு, ஈ.சி.ஜி., எடை, ரத்த அழுத்தம், எலும்பு அடர்த்திக்கான டெக்ஸா ஸ்கேன். தொடங்கிய பிறகு ரத்தப் பரிசோதனைகள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, டெக்ஸா ஓரிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஸ்கேனுக்காகக் கோவை இறங்க வேண்டியிருந்தால் அன்றே மருந்தையும் வாங்கிவிடலாம்.

ஊசியும் போட்டுக்கிட்டு, வெளியில ஜிம்காரங்ககிட்ட வேற ஊசி வாங்கிப் போட்டு ஏமாத்த முடியுமா?

முயல்பவர் உண்டு, ஆனால் ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும். டெஸ்டோஸ்டிரோன் உயர்ந்து, எல்.எச்.சும் உயர்ந்திருந்தால் மாத ஊசி தவறியிருக்கிறது அல்லது சரியாக ஏறவில்லை. டெஸ்டோஸ்டிரோன் உயர்ந்து, எல்.எச். மட்டும் அடியில் கிடந்தால் வெளியிலிருந்து ஹார்மோன் போயிருக்கிறது. அதனால்தான் டெஸ்டோஸ்டிரோனை மட்டும் பார்த்துவிட்டு விடாமல் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறோம்.

கல்யாணமானவர்ங்க. வீட்டுக்காரியோட வாழ முடியுமா? குழந்தை?

ஆசை பெருமளவு குறையும். விறைப்பு சிலருக்குக் குறையும், சிலருக்கு நின்றே போகும். மனைவியை முதல் நாளே உடன் உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும். பிறகு தெரிந்து "என்னை வெறுத்துவிட்டார்" என்று அந்தப் பெண் மனம் உடைவது அநியாயம். விந்தணு உற்பத்தியும் நின்றுவிடும். மருந்தை விட்டால் பெரும்பாலும் திரும்பும் என்றாலும், பிள்ளை வேண்டும் என்பவர் முன்கூட்டியே விந்துவைச் சேமித்துவைப்பது நல்லது.

எத்தனை வருஷம் போடணும்? நல்லா இருக்காரே, நிறுத்திடலாமே?

கடுமையான அபாயம் உள்ளவருக்குக் குறைந்தது மூன்று முதல் ஐந்து ஆண்டு. சிலருக்கு அதற்கும் மேல். நன்றாக இருப்பதே மருந்தால்தான் என்பதை இரண்டாவது பதிலில் சொன்னோம். திடீரென நிறுத்தினால் பழைய எண்ணங்கள் வேகமாகத் திரும்பலாம். நிறுத்துவதென்றால் டாக்டர் அளவைக் குறைத்துக்கொண்டே வருவார், அந்த மாதங்களில் ஆலோசனையும் கண்காணிப்பும் கூட வேண்டும். பக்கவிளைவு தாங்கவில்லை என்பவருக்கும் இதேதான். வேறு மருந்துக்கு மாறலாம், சொல்லாமல் விட்டுவிடக் கூடாது.

என் தம்பிக்கு 16 வயசு. அவனுக்குப் போடலாமா?

கூடாது. பருவ வளர்ச்சியும் எலும்பு வளர்ச்சியும் முடியும் முன் இந்த நோக்கத்துக்கு ஹார்மோன் மருந்து கொடுப்பதில்லை. அவனுக்கு வேண்டியது குழந்தை மனநல மருத்துவரும், வீட்டாரின் கூடுதல் கவனிப்பும். வளரிளம் பருவத்தில் தவறு செய்தவன் பெரியவனானதும் அதையே செய்வான் என்ற கட்டாயம் இல்லை.

ஒண்ணும் செய்யலை, மனசுல மட்டும் நினைப்பு வருது. டாக்டர்கிட்ட சொன்னா போலீஸ் வந்துடுமா?

நினைப்பு மட்டும் குற்றமல்ல. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 23-வது பிரிவு உங்கள் ரகசியத்தைக் காக்கிறது. இப்படி முன்வந்து சொல்வதற்குப் பெரிய தைரியம் வேண்டும், அதை மதிக்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். பெர்லின் சாரிட்டே மருத்துவமனை 2005 முதல் இத்தகையவர்களுக்கென்றே தனிச் சிகிச்சை நடத்திவருகிறது.

ஆனால் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு குழந்தைக்கு ஏற்கெனவே நடந்திருந்தால், அல்லது நடக்கப்போகிறது என்ற அச்சம் இருந்தால், போக்சோ 19-வது பிரிவின்படி டாக்டர் உட்பட யாராயினும் போலீசில் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. குழந்தைகளின் ஆபாசப் படத்தைப் போனில் வைத்திருப்பது, பார்ப்பது குற்றமாகும் என்பதை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே, நோயாளி வாய் திறக்கும் முன் டாக்டர் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

ஜெயில்ல இருக்கறவர் கைநாட்டு வெச்சா அது சம்மதமா?

கைநாட்டு மட்டும் சம்மதம் ஆகாது. சொன்னது புரிய வேண்டும், ஏற்றாலும் மறுத்தாலும் என்ன ஆகும் என்பது தெரிய வேண்டும், முடிவைத் தானே சொல்ல வேண்டும். பணியர், காட்டுநாயக்கர், இருளர் போன்ற பழங்குடி வீட்டு ஆளிடம் தமிழில் கடகடவென்று வாசித்துவிட்டு மையைத் தடவுவது செல்லாது. அவர் மொழி பேசுகிறவர் உடன் இருக்க வேண்டும். கோவை மத்திய சிறையில் இருப்பவரிடம் "ஒத்துக்கிட்டா சீக்கிரம் வெளியே போகலாம்" என்று ஆசை காட்டி வாங்குவதும் சம்மதமல்ல. மேலும் இந்தியாவில் இந்த ஊசிகளை இந்த நோக்கத்துக்குக் கொடுப்பது மருந்தின் பதிவுபெற்ற பயன்பாடு அல்ல. அதை எழுத்தில் சொல்லியே கையெழுத்து வாங்க வேண்டும்.

"அவர்தான் ஊசி போட்டுக்கறேன்னு ஒத்துக்கிட்டாரே, கேஸ் எதுக்கு"ன்னு ஊர்ப் பெரியவங்க சொல்றாங்க. என்ன செய்யறது?

கேஸ் கொடுக்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் பேசி முடிக்கப் போக்சோ சட்டத்தில் இடமில்லை. மறைப்பவர்களுக்கு என்ன தண்டனை என்பதைச் சற்று முன் சொன்னோம். ஊசி ஒரு சிகிச்சை. குற்றத்துக்குக் கொடுக்கும் விலையாக அதை யாரும் ஏற்க முடியாது. பாதிக்கப்பட்ட பிள்ளையின் காதில் "அவனுக்கு மருந்து கொடுத்தாச்சு, நீ வாயை மூடு" என்றுதான் அது விழும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள். உங்கள் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள்.

தண்டனை முடிஞ்சு வந்துட்டார், மாசாமாசம் ஊசி போட்டுக்கறார். எஸ்டேட்ல பக்கத்து லைன் வீடுதான். பிள்ளையை அவர்கிட்ட விட்டுட்டு இலை பறிக்கப் போகலாமா?

போகக் கூடாது. ஊசி தவறலாம், முதல் வாரங்களில் ஹார்மோன் ஏறலாம், வெளியே ஹார்மோன் வாங்கியிருக்கலாம், ஹார்மோனுக்குச் சம்பந்தமே இல்லாத காரணத்துக்காகவும் செய்யலாம். ஒழுங்காகச் சிகிச்சை எடுக்கும் மனிதரே இதை ஏற்றுக்கொள்வார். குழந்தையோடு தனியாக இருக்க மாட்டேன் என்பது சிகிச்சைத் திட்டத்திலேயே எழுதப்படும் விதி. அவரை அடிப்பதோ, லைனைவிட்டு விரட்டுவதோ வேண்டாம். விரட்டினால் ஊசியும் ஆலோசனையும் நின்று, யாருக்கும் தெரியாத வேறு லைனில் போய்த் தங்குவார்.

பிள்ளை அங்கன்வாடியிலோ எஸ்டேட் கிரீச்சிலோ இருக்கட்டும். குளியலறை பொதுவாக இருந்தால் உள்தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கொடுத்தனுப்பும் மிட்டாயும் செல்போனும் யார் கையிலிருந்து வருகின்றன என்று கவனியுங்கள். அடைமழையால் காலை ஏழு மணிக்குத் திடீரென்று பள்ளி விடுமுறை அறிவிக்கும் நாட்களில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதை ஆடி மாதத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.